எக்ஸ்ரே திரையும் டாக்டரம்மாவின் மோதிர விரலும்

1. "ஏத்துப்பா"

"ஒண்ணுமே தெரியலப்பா. கொஞ்சம் ஏத்து."

இருட்டறைக்குள் டாக்டரம்மா இப்படிச் சொன்னால் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். கண்ட்ரோல் டேபிளில் இருக்கும் குமிழைத் திருகி, கதிரின் அளவைச் சொல்லும் மில்லி ஆம்பியர் மீட்டரின் முள்ளை மூன்றிலிருந்து மூன்றரைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றும் கொண்டுபோனேன்.

"இன்னும்."

நாலு.

"இன்னும் கொஞ்சம்ப்பா, உசிரை வாங்காதே."

நாலரை. விராலிமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி திரைக்குப் பின்னால் சட்டையில்லாமல் நின்றிருந்தார். அவருடைய நெஞ்சுக்கூடு பச்சை வெளிச்சத்தில் அரைகுறையாகத் தெரிந்தது. அவரைத் திருப்பி நிறுத்துவதற்காகத் தோளைப் பிடித்திருந்த டாக்டரம்மாவின் இடது கையும் தெரிந்தது. விரல் எலும்புகள் சாம்பலாக, மோதிர விரலில் மட்டும் கறுப்பாக ஒரு வளையம். தங்கம் கதிரை விடாது. அதனால் அந்த மோதிரம் எப்போதும் கறுப்பாகத்தான் தெரியும். அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட அதைப் பற்றி யோசித்ததில்லை.

இது ஐம்பதுகளின் நடுவில், புதுக்கோட்டை டவுனில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தப்பு என்னுடையது, அதை எதற்கு இதில் இழுக்க வேண்டும்?

என் தம்பி மகள் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மீக்கடத்தி என்று ஒரு கம்பியாம். கடுங்குளிரில் வைத்தால் தடையே இல்லாமல் கரண்ட் ஓடுமாம். அந்தக் கம்பி மேல் அணுக்கதிர் பட்டுப் பட்டு, வருஷமும் ஆக ஆக, அந்தக் குணம் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. "கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கிறது லேசு பெரியப்பா. கதிராலயா, வயசாலயா, நாங்க சரியா வைக்காததாலயான்னு பிரிக்கிறதுதான் கஷ்டம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கஷ்டத்தை நான் பட்டிருக்கிறேன், மீக்கடத்தி என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே. "அப்ப எழுதிக் குடுங்க, எங்க பசங்க படிக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

2. இருபது நிமிஷம்

எக்ஸ்ரேவுக்கு வருவதற்கு முன் நான் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன். ஒரு இடத்தில் உட்காராத ஆள். புரொஜக்டர் விளக்கின் கார்பன் கம்பியைச் சரிசெய்வது, ரீல் மாற்றுவது, ஜெனரேட்டரைப் போய்ப் பார்ப்பது என்று ஓடிக்கொண்டே இருந்தவன். டாக்டரம்மா கனகாம்புஜம் என்னைச் சேர்த்துக்கொண்ட முதல் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டறைக்குள் கூட்டிப்போய் ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காரு கருப்பையா."

உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார், கறுப்புத் துணியை இழுத்துவிட்டார். இருட்டு. ஐந்து நிமிஷம் போயிற்று.

"என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. இருபது நிமிஷம் கண்ணு இருட்டுக்குப் பழகணும். அதுக்கப்புறம்தான் திரை தெரியும்."

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். இது ஃபிலிம் எடுக்கிற எக்ஸ்ரே இல்லை, ஸ்கிரீனிங். நோயாளிக்குப் பின்னால் குழாய், முன்னால் திரை. குழாயிலிருந்து வரும் கதிர் ஆளைத் துளைத்துக்கொண்டு வந்து திரை மேல் விழும். திரையில் பூசியிருக்கும் மருந்து, கதிர் பட்ட இடத்தில் பச்சையாக மினுங்கும். டாக்டர் அதை நேராகக் கண்ணால் பார்த்து, நெஞ்சு அசைவதையும் வயிற்றுக்குள் மருந்து இறங்குவதையும் சொல்வார். மினுங்கல் ரொம்பச் சன்னம். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

டாக்டரம்மாவுக்கு இருபது நிமிஷம் உட்காரவும் பொறுமை கிடையாது. அவர் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். அதைப் போட்டால் வெளிச்சத்தில் நடமாடினாலும் கண் இருட்டுக்குப் பழகிவிடும். மத்தியானம் ஆனால் சிவப்புக் கண்ணாடியோடு வார்டு வார்டாக விறுவிறுவென்று போவார். புதிதாக வந்த நோயாளிகள் மிரண்டு எழுந்து உட்காருவார்கள். எனக்குக் கண்ணாடி கிடையாது. நான்தான் இருட்டில் உட்கார வேண்டும். காலை ஆட்டுவேன், ஸ்டூல் கிறீச் கிறீச் என்று கத்தும். "காலை ஆட்டாதடா, அது என்ன கால்தானா, தையல் மிஷினா?" என்று வெளியிலிருந்து சத்தம் வரும்.

இன்னொரு வேலை ரெஜிஸ்டர் எழுதுவது. பெயர், ஊர், பார்த்த இடம், கிலோ வோல்ட், மில்லி ஆம்பியர், நிமிஷம். எனக்கு முன்னால் இருந்தவர் முதல் வரியை ஒழுங்காக எழுதிவிட்டு, கீழே மில்லி ஆம்பியர் கட்டத்தில் எல்லாம் ௸ என்று சுழித்துவிட்டிருந்தார். மேற்படி, அதாவது மேலே சொன்ன அதே மூன்று. நானும் அப்படியே செய்தேன். எல்லா ஆபீஸிலும் அப்படித்தான் செய்தார்கள். பக்கத்தின் அடியில் டாக்டரம்மா கையெழுத்துப் போடுவார், அதுவும் சிவப்புக் கண்ணாடியோடு.

3. ரைஸ் மில் மேல் பழி

திரை மங்க ஆரம்பித்தது ஒரே நாளில் இல்லை. ஒரு மாசத்துக்கு ஒரு தடவை "ஏத்து" என்றவர் வாரத்துக்கு ஒரு தடவை என்றார். பிறகு ஆளுக்கு ஆள் என்றார்.

நான் கரண்டிலேயே வளர்ந்தவன். எனக்கு எல்லாம் கரண்டாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ரைஸ் மில் இருந்தது. அது ஓட ஆரம்பித்தால் எங்கள் பல்பு எல்லாம் சோர்ந்துபோகும். கண்டுபிடித்துவிட்டேன் என்று நேராக மில்லுக்குப் போய் முதலாளியிடம் எகிறினேன்.

"ஒங்க மோட்டார் எங்க வோல்டேஜை உறிஞ்சுது. அங்கிட்டு ஒரு ஆளோட நெஞ்சைப் பாக்க முடியல."

அவர் தவிட்டைத் தட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெல்லு குத்துறதுக்கும் நெஞ்சு பாக்குறதுக்கும் என்னப்பா இருக்கு? சரி, நாளைக்கு மூணு மணிக்கு மேல நிறுத்துறேன். தெரிஞ்சுச்சுன்னா வந்து சொல்லு."

நிறுத்தினார், நல்ல மனுஷன். வோல்டேஜ் ஜம்மென்று நின்றது. திரை மட்டும் அப்படியே மங்கல். அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை. இரண்டு மாசம் அந்தத் தெரு வழியே போகவில்லை.

அடுத்து டாக்டரம்மாவின் கண் மேல் பழி. "நீங்க கண்ணாடியை நடுவுல நடுவுல கழட்டுறீங்கம்மா" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வந்து பாரு, ஒனக்குத் தெரியுதான்னு." பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

நடுவில் ஐப்பசி மழை வந்தது. அந்த வருஷம் விடாமல் கொட்டியது. இருட்டறைச் சுவர் பாசி பிடித்தது. திரையின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் கோத்து ஒரு ஓரத்தில் பூஞ்சை மாதிரி கறை தெரிந்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் நான் திரையை அதன் இரும்புச் சட்டத்தோடு கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தேன். ஊரில் அந்த நாளில் எல்லா மாடியிலும் தலையணை, மிளகாய், ஜமக்காளம் என்று காய்ந்துகொண்டிருந்தது. நானும் என் பங்குக்கு வைத்தேன். காற்றில் கவிழ்ந்துவிடாமல் தினமும் அதே மூலையில் துணியில் சுற்றிய அரைச் செங்கலை வைத்தேன். மூன்று நாள் காலையில் கொண்டுபோய்ச் சாயங்காலம் இறக்கினேன். ஈரம் போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்துப் பாத்துச் செய்யிறே" என்று டாக்டரம்மாவே சொன்னார்.

அதற்குப் பிறகு மில்லி ஆம்பியர் ஐந்துக்குப் போனது.

4. கை

அவருடைய இடது கையைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கவனித்ததும் முன்பேதான். முதலில் தோல் வறண்டது. நகத்தில் கோடு கோடாக வெடிப்பு வந்தது. பிறகு விரல் முட்டிகளில் மரு மாதிரி சொரசொரப்பு. கேட்டால் "டெட்டால் ஒத்துக்கலப்பா" என்பார். ஈயக் கையுறை ஒரு ஜோடி ஆணியில் தொங்கியது. அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால், "அதைப் போட்டா வயிறு கல்லா களியான்னு தெரியாது. அப்புறம் என்னத்துக்குப் பாக்குறது?" என்பார்.

அந்த ஜில்லாவில் பெண்கள் தைரியமாக வந்து படுத்த எக்ஸ்ரே மேஜை எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கறம்பக்குடியிலிருந்து வருவார்கள், கடற்கரை ஊர்களிலிருந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். தொட்டுத் திருப்புவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் டாக்டரம்மாவின் கைதான். நான் தடுப்புக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, மீட்டரை மட்டும் பார்ப்பேன். அந்தக் கை போனால் அத்தனை பேருக்கும் போக்கிடம் கிடையாது. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். திரையை எப்படியாவது பழைய மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று பிளக்கைக் கழற்றுவேன், மாட்டுவேன், கேபிளைத் துடைப்பேன், திரும்பவும் கழற்றுவேன்.

மார்கழியில் சைனம்பு என்ற பெண் வந்தார். கோட்டைப்பட்டினம் பக்கம். முப்பது வயது இருக்கும். சாப்பிட்டால் வயிற்றில் நெருப்பு மாதிரி வலி, ஆறு மாசமாக. வீட்டுக்காரர் கருவாட்டு வியாபாரி. அந்த மனுஷன் வெளியே பெஞ்சில் உட்கார முடியாமல் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து, அது இரைப்பைக்குள் இறங்குவதைத் திரையில் பார்க்க வேண்டும். எங்கே புண் என்று அப்போதுதான் தெரியும்.

"ஏத்துப்பா."

ஐந்தரை.

"ஏத்து."

ஆறு. அதற்கு மேல் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. டாக்டரம்மாவின் கை சைனம்புவின் வயிற்றின் மேல், கதிருக்கு நடுவில், நகர்ந்து நகர்ந்து அமுக்கிக்கொண்டிருக்கும் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா, போதும்மா" என்றேன்.

"இரு. இந்தா தெரியிற மாதிரி இருக்கு."

தெரியவில்லை. விளக்கைப் போட்டு நான் திரும்பியபோது சைனம்பு துப்பட்டியைப் போர்த்தி எழுந்து உட்கார்ந்து, தன் வயிற்றைப் பார்க்காமல் டாக்டரம்மாவின் கையைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது என்ன, கையி இப்பிடி வெந்து போயிருக்கு? நோவு எனக்கா ஒங்களுக்கா?"

டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. திரும்பப் பாப்போம்" என்றார். வெளியே வீட்டுக்காரர், "புத்துநோயா இருக்குமோன்னு ஊர்ல சொல்றாங்கம்மா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..." என்று இழுத்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல டாக்டரம்மாவால் முடியவில்லை.

5. மோதிரம்

மூன்றாம் நாள் மோதிர விரல் வீங்கிவிட்டது. சோப்பு போட்டும் எண்ணெய் போட்டும் மோதிரம் கழலவில்லை. விரல் நீலம் பூத்தது. என்னைத்தான் அனுப்பினார். கீழ ராஜ வீதிக்கு ஓடி ஆசாரியைக் கூட்டிவந்தேன்.

அவர் ஒரு தகட்டை மோதிரத்துக்கு அடியில் செருகிக்கொண்டு சின்ன ரம்பத்தால் அறுத்தார். "அசையாம இருங்கம்மா. விரல்ல படாம எடுத்துருவேன்." மோதிரம் இரண்டாக விரிந்து வந்தது.

விரலைப் பார்த்தேன். மேலே தோல் கறுத்து வெடித்திருந்தது. கீழே தோல் கறுத்து வெடித்திருந்தது. நடுவில் மோதிரம் இருந்த இடத்தில் மட்டும், அழுந்திய தடத்தோடு, நல்ல தோல். வெடிப்பில்லை, மருவில்லை.

"மோதிரம் போட்ட எடம் எல்லாருக்கும் வெளுப்பாத்தாம்மா இருக்கும்" என்றார் ஆசாரி.

"வெளுப்பு வேற ஆசாரி" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "இது வேற."

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. டெட்டால் இல்லை, கதிர்தான் என்று எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அதே நேரம் என் புத்தி வேறெங்கோ ஓடியது. மோதிரத்துக்கு அடியில் கதிர் படாத தோல் பழைய தோலாக இருக்கிறது. திரைக்கும் சுற்றிலும் ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. ஒரு அங்குலத்துக்குத் திரை அதற்குள் புதைந்திருக்கிறது. அந்த ஒரு அங்குலம் எப்படி இருக்கும்?

ஆசாரியை வழியனுப்பக்கூட நிற்காமல் இருட்டறைக்கு ஓடினேன்.

திருகாணிகளைக் கழற்றி, திரையைச் சட்டத்திலிருந்து உருவினேன். வெறும் திரையை மேஜையில் சாத்தி, குழாயைப் பின்னால் தள்ளி, கதிர் முழுத் திரையிலும் விழுகிற மாதிரி ஷட்டரை அகலத் திறந்தேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றுதான் நான் காலை ஆட்டாமல் இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். தடுப்புக்குப் பின்னால் நின்று, மில்லி ஆம்பியரை இரண்டில் வைத்து, சுவிட்சை அழுத்தினேன்.

சுற்றிலும் ஒரு அங்குல அகலத்துக்குப் பச்சை வெளிச்சம் பளீரென்று எரிந்தது. திரையின் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, வெளிச்சம் செத்துக் கிடந்தது. வருஷக்கணக்கில் ஒவ்வொரு நோயாளியையும் நிறுத்தி நாங்கள் கதிரைப் பாய்ச்சிய இடம் அது. மீட்டரில் கோளாறில்லை, மில்லில் கோளாறில்லை, கண்ணில் கோளாறில்லை. கதிர் பட்டுப் பட்டுத் திரையில் பூசிய மருந்தின் குணம் தேய்ந்துபோயிருக்கிறது. தெரியவில்லை என்று கதிரை ஏற்றினோம், ஏற்ற ஏற்ற இன்னும் தேய்ந்தது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டது இரண்டு நொடிதான். திரையின் மூலைகளைப் பார்த்தேன். மூலைகளுக்குக் கதிர் போவதே இல்லை, ஷட்டரைச் சின்னதாக வைத்துத்தான் பார்ப்போம். அப்படியானால் மூலைகள் ஓரத்தைப் போலவே எரிய வேண்டும். எரியவில்லை. நடு அளவுக்குச் சாகவில்லை, ஆனால் சட்டத்தின் கோடு முடிந்த இடத்திலிருந்தே ஒரே சீராக மங்கிக் கிடந்தது. அது எதனால்?

வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு துண்டு மட்டும் ஓரத்தைப் போலவே பளீரென்று எரிந்தது. நீளவாக்கில், கோணல் மாணலாக, உள்ளங்கை அளவுக்கு.

அரைச் செங்கல்.

சுவிட்சை விட்டுவிட்டேன். ஈரத்தோடு இருந்த திரையை மூன்று நாள் வெயிலில் காய வைத்தேனே, செங்கல் மறைத்த இடத்தைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் வெயில் கெடுத்திருக்கிறது. நடுவைக் கெடுத்தது கதிரும் நானும், மூலையைக் கெடுத்தது நான் மட்டும். ஐந்தும் ஆறும் ஏற்ற வைத்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது. அந்த விரலில் எனக்குப் பங்கு இருக்கிறது.

6. மேற்படி

சொல்லாமல் இருந்திருக்கலாம். செங்கல் தடம் எனக்கு மட்டும்தான் தெரியும். திரை பழசாகிவிட்டது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அன்று சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு அவருடைய அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கட்டுப்போட்ட கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு கேட்டார். சொல்லி முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "வெயில்ல வச்சதுக்கப்புறம் மொத்தம் எவ்வளவு ஏத்திருப்பே?"

"ஆறு வரைக்கும் போயிருக்கும்மா."

"ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவுன்னு வேணும். ஆள் ஆளுக்கு, நிமிஷத்தோட. மெட்ராஸ்ல காட்டப் போறேன். அவங்க அதைத்தான் கேப்பாங்க. ரெஜிஸ்டரைக் கொண்டா."

கொண்டுவந்து விரித்தேன். மேலே மூன்று. அதற்குக் கீழே ௸, ௸, ௸. பக்கத்தைத் திருப்பினார். ௸. இன்னொரு பக்கம். ௸. வருஷம் முழுக்கத் திருப்பினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வயது ஆம்பிளை, நின்ற இடத்தில் அழுதேன்.

"ஏத்துன்னு சொன்னது யாரு?" என்றார்.

"நீங்க."

"கீழ கையெழுத்து யாரோடது?"

"ஒங்களோடது."

"அப்புறம் நீ மட்டும் என்னத்துக்கு அழுவுறே? கையுறை ஆணியில தொங்குனது எனக்குத் தெரியாதா? கண்ணைத் தொடைச்சுட்டு உக்காரு. ஞாபகம் இருக்குற வரைக்கும் எழுது."

எழுதினேன். கறம்பக்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு நாலரை, விராலிமலைக்காரருக்கு நாலரை, சைனம்புவுக்கு ஐந்தரை, பிறகு ஆறு. ஒரு பக்கம் வந்தது. மிச்சம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

7. அகப்பை

புதுத் திரை மதராஸிலிருந்து ரயிலில் வந்தது. வந்ததும் பழைய திரையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, புதுத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதிரும் வெயிலும் படாத அந்த ஓரமே புதுசை விடக் கொஞ்சம் மங்கல். அது வயசு. ஆக கதிர், வெயில், வயசு என்று மூன்று பேர் சேர்ந்து கெடுத்திருந்தார்கள், நான் ஒன்றைக்கூடச் சந்தேகப்படாமல் ரைஸ் மில்லோடு சண்டைக்குப் போயிருந்தேன்.

சைனம்பு திரும்ப வந்தார். டாக்டரம்மாவின் கை இனிக் கதிருக்குள் போகக் கூடாது என்று மதராஸிலிருந்து கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். வயிற்றை யார் அமுக்குவது? நான் தொடுவதற்குச் சைனம்பு சம்மதிக்க மாட்டார், கேட்கவும் எனக்கு வாயில்லை. டாக்டரம்மா கையுறையை எடுக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

"அந்தக் கையி வேணாம்மா" என்றார் சைனம்பு படுத்தபடியே. "எங்கிட்டு அமுக்கணும்னு சொல்லுங்க, நானே அமுக்கிக்கிறேன். எங்க வீட்டு மர அகப்பை கூடையில கெடக்கு. சோறு கொண்டாந்தது. அதைக் குடுங்க."

எட்ட நின்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல, சைனம்பு காம்பின் நுனியைப் பிடித்து, கை கதிருக்கு வெளியே இருக்க, தன் வயிற்றைத் தானே அகப்பையால் அமுக்கிக்கொண்டார். "மேல... வலப்பக்கம்... அங்கதான், அப்பிடியே நிறுத்துங்க." மில்லி ஆம்பியர் இரண்டரை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அல்சர்தான்" என்றார் டாக்டரம்மா. "புத்து இல்ல. மருந்துல சரியாயிரும்."

வெளியே போய் வீட்டுக்காரரிடம் சொன்னது நான்தான். அவர் நடையை நிறுத்திவிட்டு, அப்படியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அகப்பையை அவர்கள் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அதே அகப்பைதான்.

விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த கோடையில் மதராஸில் அதை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா திரும்பி வந்த அன்றே வேலைக்கு வந்தார்.

"அடியில ஒரு எடம் மட்டும் நல்லாத்தான் இருந்துச்சாம் கருப்பையா" என்றார். "மோதிரம் இருந்த எடம். அதை மட்டும் தனியா வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்டுட்டு எடுத்துட்டாங்க." பிறகு சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. கதிருக்கு முன்னால் எந்தப் பொருளை வைத்தாலும், அதிலேயே ஒரு துண்டைக் கதிர் படாமல் மூடி வையுங்கள். எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அந்தத் துண்டுதான் சொல்லும். என் தம்பி மகள், "அதே சுருள்ல இருந்து வெட்டுன கம்பி ஒண்ணு எப்பவும் தனியாப் பூட்டி வச்சிருக்கோம் பெரியப்பா" என்கிறாள். கேட்க நிம்மதியாக இருந்தது. இரண்டாவது, மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். நேற்றைய அதே அளவாகவே இருந்தாலும் எழுதுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவள் போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். "அந்த அம்மா கைல மொத்தம் எவ்வளவு கதிர் பட்டிருக்கும் பெரியப்பா? ஒரு கணக்கு வேணும், குத்துமதிப்பாவாவது சொல்லுங்க."

இத்தனை வருஷம் கழித்தும் என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நம்பர் இருந்திருக்க வேண்டிய கட்டத்தில் எல்லாம் என் கையெழுத்தில் ௸ என்றுதான் இருக்கிறது.